இரண்டாம் பாகம் மதராஸுக்குப் போனதால்

சித்தூரில் அன்று விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. எங்கள் வாசலுக்கு வெளியே விநோதமான ஒரு சத்தம் கேட்டது. முதலில் தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் ஒன்று. அடுத்து, அதைவிடக் கொஞ்சம் தணிந்து, பூசணிக்காய் உருண்டதுபோல் ஒன்று. கடைசியில், மிகவும் பணிவாக, ஆட்டுக்குட்டி தும்மியதுபோல் ஒன்று. சற்று நிறுத்தி, மறுபடியும் அதே வரிசையில் மூன்று.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கடைசி அது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று எல்லைக்காகக் கறுப்புக்கொடியும் கல்லெறியும் நடந்துகொண்டிருந்த காலம். நான் ஏழு மாதக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லைக்காரங்க வந்துட்டாங்க," என்றேன் என் கணவரிடம்.

அவர் காதைத் தீட்டிக் கேட்டார். "எல்லைக்காரங்க இல்ல தபீ, ஆபீஸ்காரங்க. முதல்ல செருமினது ஸ்பெஷல் ஆபீசர் சிட்டிபாபு. ரெண்டாவது ஹெட்கிளார்க் முனிகிருஷ்ணன். மூணாவது பியூன் நாகையா. சீனியாரிட்டிப்படிதான் செருமுறாங்க."

ஒரு மேலதிகாரி தன் கீழ் வேலை செய்யும் தற்காலிக குமாஸ்தாவின் கதவைத் தட்டலாமா கூடாதா என்பதற்கு எந்த விதியும் கிடையாது. விதி இல்லாத காரியத்தைச் செய்யக் கூடாது என்பதற்கு விதி உண்டு. ஆகவே தொண்டையைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது.

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். மூன்று பேரும் உள்ளே வந்து எங்கள் டிரங்குப் பெட்டியின் மேல் பதவி வரிசைப்படி உட்கார்ந்தார்கள். நாகையாவுக்குப் பெட்டியில் இடம் மிஞ்சவில்லை. அவர் ஒரு ஃபைலைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு நின்றார்.

"இன்பசேகரன், நீ மனசுல ஏதும் வச்சுக்கக் கூடாது," என்றார் சிட்டிபாபு. "உன்னை வேலையை விட்டு அனுப்பணும்னு மேலாபீஸ் சொல்லிட்டாங்க. அதைப் பத்தி உன் சம்சாரத்துக்கிட்ட ஒரு சின்ன யோசனை கேட்க வந்தோம்."

"இருங்க சார், காபி போடச் சொல்றேன்," என்றார் என் கணவர்.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குழந்தை விழித்துக்கொள்வதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அதன் பெயர் எல்லைக்கல் எண்ணிக்கை விசேஷ ஆபீஸ். சத்தியவேடு, புத்தூர், நகரிப் பக்கத்து எல்லைக் கற்களை மாதா மாதம் எண்ணி, சென்ற மாதம் இருந்த இடத்திலேயே இந்த மாதமும் இருக்கின்றன என்று எழுதுவது அதன் கடமை. என் கணவர் போய் எண்ணுவார். ஹெட்கிளார்க் எண்ணியதைச் சரிபார்ப்பார். சிட்டிபாபு சரிபார்த்ததை மேற்பார்வை பார்ப்பார். மேலாபீஸ் திருப்பதியில். மேற்பார்வை ஒழுங்காக நடக்கிறதா என்று அங்கே எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பத்து மூன்றில் ஆந்திரா தனி ராஜ்யமானபோது ஆபீஸ் சாமான்களை இரண்டு அரசுகளும் மிகுந்த நேர்மையோடு பங்கிட்டுக்கொண்டன. டைப்ரைட்டர் ஆந்திராவுக்கு, ரிப்பன் மதராஸுக்கு. பீரோ எங்களுக்கு, சாவி அவர்களுக்கு. இலாகாவில் எங்கெங்கே ஆங்கில அகராதி இருந்ததோ அங்கெல்லாம், இரண்டு பாகமாக இருந்தபடியால், முதல் பாகம் ஆந்திராவுக்கும் இரண்டாம் பாகம் மதராஸுக்கும் போயின. அதாவது 'ஏ'யிலிருந்து 'எம்' வரை எங்களுடையது. 'என்'னிலிருந்து 'இஜட்' வரை அவர்களுடையது.

அன்று முதல் ஒரு நல்ல ஆந்திர உத்தியோகஸ்தர் 'எம்'முக்கு அப்பால் காலெடுத்து வைப்பதில்லை. வைத்தால் இன்னொரு ராஜ்யத்தின் சொத்தை அனுமதியின்றி உபயோகித்த குற்றமாகும் என்று ஒரு சுற்றறிக்கையே வந்தது. ஆகவே எங்கள் ஆபீஸில் ஆர்டர் கிடையாது, மெமோதான். சாலரி கிடையாது, அலவன்ஸ்தான். லீவு தாராளமாகக் கிடைக்கும். பிரமோஷன், டிரான்ஸ்பர், பென்ஷன் மூன்றும் அடுத்த பாகத்தில் இருந்ததால் யாருக்கும் கிடைக்கவில்லை. ரிடையர்மென்ட்டும் அங்கேயே போய்விட்டதால் காவல் சேவகரான ஒரு தப்பேதார் அறுபத்தெட்டு வயதிலும் வேலைக்கு வந்து, வாசல் ஸ்டூலில் சாய்ந்து தூங்கிவிட்டுப் போவார். ஆபீஸ் என்ற சொல்லே இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது வந்த சங்கடம் இதுதான். "கற்கள் ஏறத்தாழ எண்ணி முடிந்துவிட்டபடியால் ஒரு நபர் மிகையாகிறார். அவரை அனுப்பிவிட்டு, எந்தப் பெயரில் அனுப்பினீர்கள் என்பதைச் சரியான ஆங்கிலச் சொல்லால் தெரிவிக்கவும்" என்று மேலாபீஸ் எழுதியிருந்தது. கற்களை எண்ணுகிற ஒரே நபர் என் கணவர். ஆகவே அவரே மிகை என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆறு வருஷமாகத் தற்காலிகம் வேறு. சொல்தான் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு ரிஜிஸ்தர், ஒவ்வொரு நடைமுறை. சொல் தப்பினால் ஆளை அனுப்ப முடியாது. ஃபைல்தான் திரும்பி வரும்.

நான் கான்வென்ட்டில் தங்கிப் படித்தவள் என்பது அக்கம்பக்கத்தில் தெரியும். பகலில் வந்து கேட்டால் அது ஆபீஸ் காரியம். ஆபீஸ் காரியத்தில் குமாஸ்தாவின் மனைவியைக் கலப்பது விதிமீறல். இருட்டிய பிறகு வந்து கேட்டால் அண்டைவீட்டுச் சிநேகம். எல்லாவற்றையும் சிட்டிபாபு யோசித்துத்தான் வந்திருந்தார்.

"டிஸ்மிஸல் போட்டோம்மா," என்றார் அவர். "நம்ம பாகத்துல இருக்குற வார்த்தைதான். மேலாபீஸ் திருப்பிட்டாங்க. ஏன்?"

இவருக்கு வேலை போனால் ஆபீஸ் பின்கட்டில் இருக்கும் இந்த ஒற்றை அறையும் போகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடுபல்லியில் இவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய், அந்த அண்ணியின் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். ஆனால் கேட்டது ஆங்கிலக் கேள்வி. ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லியே பழக்கம். எழுந்து நின்றேன்.

"டிஸ்மிஸல்னா ஆள் குத்தம் செஞ்சிருக்கணும் சார். குற்றப்பத்திரிகை கொடுத்து, விசாரணை பண்ணி, அப்புறந்தான் அந்தச் சொல் போடணும்."

சிட்டிபாபு என் கணவர் பக்கம் திரும்பினார். "ஏமய்யா, நீ ஏதாவது தப்பு செஞ்சியா?"

"இல்லீங்க சார்."

"அவசரப்படாதே. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்லீங்க சார்."

"ஒரு கல்லையாவது தப்பா எண்ணியிருப்பே?"

"ரெண்டு தடவை எண்ணிட்டுத்தாங்க எழுதுவேன்."

"பாத்தீங்களா சார்?" என்றார் முனிகிருஷ்ணன். அவர் புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். "நான் அப்பவே சொல்லல? இவன்கிட்ட ஒத்துழைப்பே கெடையாது. ஆறு வருஷமா கூட வேலை செஞ்சிகினு இருக்கான், ஒரு தப்பு பண்ணிக் குடுடான்னா மாட்டேன்றான்."

"ஒரு நாள் லேட்டா வந்தாரு சார்," என்றார் நாகையா ஆவலாக. அப்புறம் யோசித்து, "இல்ல, அது நானு," என்றார்.

"போகட்டும். டிஸ்சார்ஜ்?" என்றார் சிட்டிபாபு.

அப்போதுதான் எனக்கு மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. சொல் கிடைக்காத வரைக்கும் வேலை போகாது! நான் மிகவும் பணிவாக, "டிஸ்சார்ஜ் நல்ல சொல் சார். போட்டுப் பாக்கலாம்," என்றேன்.

மறுநாளே ஃபைல் திருப்பதிக்குப் புறப்பட்டது. நாகையா பாகாலா வழியாக ரயிலில் போவார். திருப்பதிக்குப் போய்விட்டு மலையேறாமல் திரும்பினால் நன்றாயிருக்குமா? ஏறுவார். தர்மதரிசனக் கூட்டத்தில் ஃபைலும் அவரோடு வரிசையில் நிற்கும். மொட்டை போட்டுக்கொண்டு, கீழே இறங்கி ஃபைலைக் கொடுத்து, பதில் வாங்கி, எட்டாம் நாள் லட்டோடு வந்து சேருவார். டிஸ்சார்ஜ் வந்த வழியே திரும்பியது. "இவர் பயிற்சிக் காலத்தில் இருந்தவர் என்பதற்கான ரிஜிஸ்தரை இணைக்கவும்." அந்த ரிஜிஸ்தர் பீரோவுக்குள் இருந்தது. சாவி மதராஸில் இருந்தது.

லட்டு ஆபீஸ் முழுக்க விநியோகமாயிற்று. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; கோயில் பிரசாதம் எடுப்பதில்லை. எங்கள் பங்கை முனிகிருஷ்ணன் பெரிய மனசோடு தானே வாங்கித் தின்றுவிட்டார்.

அடுத்த செருமல் வந்தபோது நான் அரிசிப் பானைக்குப் பின்னால் போகவில்லை. காபித் தண்ணீரை அடுப்பில் ஏற்றினேன்.

"முதல் பாகத்துல இதுக்கு வேற வார்த்தையே இல்லையா அம்மா?" என்று தளர்ந்துபோய்க் கேட்டார் சிட்டிபாபு. "நான் ஏ-லேர்ந்து படிச்சுக்கிட்டே வந்தேன். இதோ, கிரிமேஷன். பாக்க கௌரவமா இருக்கு."

"அது தகனம் சார். செத்தவங்களை எரிக்கிறது."

"ஓ." அவர் என் கணவரை மேலும் கீழும் பார்த்தார். "அது ஆகாதா?"

"நாங்க எரிக்கிறதில்லீங்க சார், அடக்கந்தான்," என்றார் என் கணவர்.

"அப்போ பரியல்! 'பி'தான்! நம்மளுது!" என்று துள்ளினார் முனிகிருஷ்ணன்.

"அதுக்குப் பாதிரியார் கையெழுத்து வேணும்," என்றேன். "அவர் நம்ம இலாகா இல்ல."

மூவரும் பெருமூச்சு விட்டார்கள், சீனியாரிட்டிப்படி.

"சரியான சொல்லு எதும்மா? உண்மையைச் சொல்லு," என்றார் சிட்டிபாபு.

"ரெண்டாம் பாகத்துல மூணு இருக்கு சார். ரிமூவல், ரிட்ரெஞ்ச்மென்ட், டெர்மினேஷன். இந்த மூணுல ஒண்ணு. ஆனா அதெல்லாம் மதராஸ் சொத்தாச்சே."

இதைச் சொன்னபோது என் முகம் எவ்வளவு வருத்தமாக இருந்தது என்றால், நாகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பேரில் மதராஸிலுள்ள சகோதர ஆபீஸுக்கு ஒரு கடிதம் போயிற்று. இரு ராஜ்யங்களுக்கும் இடையே நிலவும் நல்லெண்ணத்தை உத்தேசித்து, மேற்படி மூன்று சொற்களையும் பதினைந்து நாள் இரவலாகத் தந்து உதவும்படியும், கசங்காமல் திருப்பித் தருவதாகவும் எழுதினோம். எழுதினோம் என்றால், நான்தான் எழுதினேன். பதில் வருவதற்கு இரண்டு மாதம் ஆனது. சொற்களைத் தருவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பதிலுக்குத் தங்களிடமுள்ள அப்பாயின்ட்மென்ட், இன்கிரிமென்ட், லீவு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே அனுப்பவும். அவை இல்லாமல் இங்கே ஆறு வருஷமாக யாரையும் நியமிக்கவும் முடியவில்லை, யாரும் வீட்டுக்குப் போகவும் முடியவில்லை.

"லீவைக் குடுக்கறதா?" முனிகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "திருத்தணியை வேணும்னா எடுத்துக்கட்டும் சார்! லீவைத் தர மாட்டோம்!"

பேச்சுவார்த்தை முறிந்தது.

இதற்குள் அந்த ஃபைல் இரண்டு முழம் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. எந்தக் காகிதம் எங்கே என்று என் கணவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆகவே, திரு. இன்பசேகரனை அனுப்பும் பணி குந்தகமின்றி நடைபெறும்பொருட்டு, அப்பணி முடியும்வரை திரு. இன்பசேகரனை எக்காரணம் கொண்டும் அனுப்பக் கூடாது என்று சிட்டிபாபு ஒரு மெமோ போட்டார். கல் எண்ணும் வேலையிலிருந்து இவருக்கு விடுதலை. தன்னை வேலையை விட்டு அனுப்பும் வேலையைக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை செய்தார். அதற்கு உதவியாக ஒரு மேஜையும் மின்விசிறியும் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் என் குழந்தை நன்றாகச் சதை வைத்தது.

நாகையா மட்டும் இளைத்தார். நான்கு முறை திருப்பதிக்குப் போய் வந்ததில் தலைமுடி தீர்ந்து, மீசை தீர்ந்து, ஐந்தாம் முறை புருவத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் முகத்தில் ஒரு தேஜஸ் வந்திருந்தது. "அம்மா, நீங்க அடுத்த வார்த்தை எப்போ சொல்லுவீங்க?" என்று என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

பிறகு மார்ச் மாதம் வந்தது. ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறுகிறது. இந்தப் பக்கத்து ஊர்கள் சில அந்தப் பக்கம், அந்தப் பக்கத்து ஊர்கள் சில இந்தப் பக்கம். அதற்குள் இந்த ஆசாமியை அனுப்பி முடிக்காவிட்டால் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று மேலாபீஸ் சிட்டிபாபுவுக்குக் கடிதம் போட்டுவிட்டது.

அன்று அவர் செருமக்கூட இல்லை. நேரே உள்ளே வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். "நானே எழுதிட்டேன் அம்மா. ராத்திரி பூரா முதல் பாகத்தைப் புரட்டி நானே தேடினேன். நீ ஒண்ணும் யோசனை சொல்ல வேணாம். உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குமே, ஃபேர் காப்பி மட்டும் எடுத்துக் குடு. நாளைக்குக் காலைல நாகையா எடுத்துக்கிட்டுப் போவான்."

காகிதத்தைப் பார்த்தேன். 'தற்காலிக குமாஸ்தா திரு. இன்பசேகரனின் டெமாலிஷன்' என்று தலைப்புப் போட்டிருந்தார். டெமாலிஷன் என்றால் கட்டிடத்தை இடிப்பது.

எனக்கு ஆனந்தத்தில் பாடத் தோன்றியது. இதை அப்படியே நகல் எடுத்து அனுப்பினால் போதும். மேற்படி நபர் எத்தனை மாடி, செங்கல்லா மண்ணா, மராமத்து இலாகாவின் சம்மதம் பெறப்பட்டதா என்று மேலாபீஸ் கேட்கும். அவர்கள் கேட்டு, இவர்கள் விழித்து, நாகையா மலையேறி இறங்குவதற்குள் குழந்தை எழுந்து நடந்து, பள்ளிக்கூடமே போய்விடும்!

இரவு இவரும் குழந்தையும் தூங்கிய பிறகு விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். தேதி எழுதினேன். நம்பர் எழுதினேன். தலைப்புக்கு வந்தேன். 'இன்பசேகரனின்' என்று எழுதினேன். கை நின்றுவிட்டது.

கான்வென்ட்டில் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சிஸ்டரிடம் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. பொய் சொன்னால் மன்னிப்பு உண்டு. தட்டுத் தவறி செருப்போடு மாதா கோயிலுக்குள் போனாலும் மன்னிப்பு உண்டு. பெயர்ச்சொல்லைத் தப்பாகப் போட்டால் அந்தச் சிவப்புப் பென்சில் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மேஜைவரைக்கும் போகும். பத்து வருஷம் அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் கையெழுத்தில், என் முத்து முத்தான எழுத்தில், டெமாலிஷனா? திருப்பதியில் எட்டுப் பேர் பார்ப்பார்களே? எந்தக் கான்வென்ட்டில் படித்தவள் என்று கேட்பார்களே?

'வேண்டாம், தபீதாள், அப்படியே எழுது, குழந்தையைப் பார்,' என்று மனசு சொன்னது. குழந்தையைப் பார்த்தேன். அது வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. கை தானாக, டெர்மினேஷன் என்று எழுதிவிட்டது. எழுதிய பிறகு அந்தச் சொல் தனியாக நின்றால் நன்றாயிருக்காதே என்று, ஒரு மாத முன்னறிவிப்பு, எந்தத் தேதியிலிருந்து, எந்த விதியின்படி, அவருடைய நடத்தையில் எந்தக் குறையும் இல்லை என்ற கண்ணியமான ஒரு வாக்கியம், எல்லாவற்றையும் சேர்த்து, ஓட்டை ஒடிசல் இல்லாமல் எழுதி முடித்து, மை ஒற்றும் காகிதத்தால் ஒற்றினேன். ஆஹா, என்ன அழகான மெமோ! இரண்டு தடவை சத்தம் வராமல் வாசித்துப் பார்த்தேன். என் கணவரை என்னைவிட நன்றாக யாராலும் வேலையை விட்டு அனுப்பியிருக்க முடியாது.

விடிந்ததும் நாகையா வாங்கிக்கொண்டு போனார். ரயில் ஊதிய சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

"என்ன தபீ?" என்றார் இவர்.

சொன்னேன்.

அவர் தன் துண்டால் என் முகத்தைத் துடைத்தார். பிறகு, "நல்லா எழுதியிருந்தியா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா."

"ஒரு தப்புகூட இல்லையா?"

"ஒரு கமாகூட."

"அப்போ தொலைஞ்சோம்," என்று சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தார். "குடுபல்லிக்குத் தினமும் காலைல பஸ் இருக்கு. அண்ணிக்கு என்ன வாங்கிக்கினு போலாம், சொல்லு."

நாகையா எட்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாளே வந்துவிட்டார். கையில் லட்டு இல்லை. தலையில் அரை அங்குல முடி அப்படியே இருந்தது. வந்தவர் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதது எங்கள் பின்கட்டுவரைக்கும் கேட்டது.

அன்று இருட்டியதும் மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு காகிதம் கையில். வரிசை குலைந்து, நாகையா முதலிலும் சிட்டிபாபு கடைசியிலும் நுழைந்ததைப் பார்த்தபோதே விஷயம் பெரியது என்று தெரிந்தது.

"என்னை மலையேற விடலம்மா," என்று விம்மினார் நாகையா. "உங்க காகிதத்தைப் பாத்ததும் எட்டுப் பேரும் எழுந்து நின்னுட்டாங்க. இந்த மாதிரி மெமோவை ஜன்மத்துல பாத்ததில்லயாம். ஏப்ரல் ஒண்ணாந்தேதியோட நம்ம ஆபீஸையே மூடறாங்களாமே, அதுக்கு இதையே மாதிரியா வச்சுக்கலாம்னு, பேரு மட்டும் காலியா விட்டு சைக்ளோஸ்டைல் போட்டுட்டாங்க. ரெண்டு நாளா கைப்பிடியச் சுத்தினது நானு! எனக்கு வேலை போற காகிதத்த நானே சுத்தினேன்!"

"எல்லாருக்கும்," என்றார் சிட்டிபாபு. அவர் குரல் ஆட்டுக்குட்டி தும்மியதுபோல் இருந்தது. "எனக்கும். ஹெட்கிளார்க்குக்கும். தூங்குறாரே அந்தத் தப்பேதாருக்கும். இன்பசேகரனுக்கும். நீ எழுதின எழுத்துல நாங்க எல்லாரும் போயிட்டோம் அம்மா."

முனிகிருஷ்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஊருக்குப் போய் இன்னான்னு சொல்றது? நைனாகிட்ட நான் தாசில்தாருன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

நான் ஒரு காகிதத்தை வாங்கி விளக்கடியில் பிடித்தேன். என் வாக்கியங்கள்தான். என் கமாக்கள்தான். ஆனால் ஓரிடத்தில் கண் இடறியது. மறுபடியும் படித்தேன்.

"நாகையா, இதுல ஒரு சொல்லை மாத்தினாங்களா?"

"ஆமாம்மா. அதுதானே மேலாபீஸ்? கீழேயிருந்து வர்ற காகிதத்துல ஒரு வார்த்தையாவது மாத்தாம கையெழுத்துப் போடமாட்டாங்க. உங்க மெமோவுல மாத்த ஒண்ணுமே ஆப்பிடல. பெரிய ஐயாவுக்குக் கோபம் வந்துட்டது. டிக்ஷனரிய எடுத்து நீங்க எழுதின வார்த்தையத் தேடினாரு. முதல் பாகம் பூரா தேடியும் கெடைக்கல. இந்த மாதிரி வார்த்தையே உலகத்துல கெடையாதுன்னு அடிச்சுட்டு, அதே நீளத்துக்கு நல்லதா ஒண்ணு பாத்துப் போட்டாரு."

பெரிய ஐயா போட்டிருந்த சொல் கன்ஃபர்மேஷன்.

அதிகாரிகள் ஒரு மெமோவில் நம்பர், தேதி, கையெழுத்து மூன்றையும்தான் படிப்பார்கள். நடுவில் இருப்பதைப் படிக்கத்தான் குமாஸ்தா. எங்கள் குமாஸ்தாவோ அன்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே யாரும் படிக்கவில்லை.

"சார்," என்றேன். "இதுல உங்க எல்லாரையும் வேலையில நிரந்தரம் பண்ணியிருக்காங்க."

மூன்று தலைகள் ஒரே சமயத்தில் காகிதத்தின் மேல் குனிந்தன.

"நிரந்தரமா?" என்றார் சிட்டிபாபு.

"ஏப்ரல் முதல் தேதியிலேர்ந்து. யாரும் எப்பவும் எடுக்க முடியாது. பெரிய ஐயா கையெழுத்து இருக்கு."

"ஆபீஸை மூடிட்டாங்களே, அம்மா?"

"ஆபீஸ் இருக்காது சார். நீங்க இருப்பீங்க."

முனிகிருஷ்ணன் நாகையாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சிட்டிபாபு முதலில் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு கண்ணை. "நான் அப்பவே நினைச்சேன். மேலாபீஸ் ஒரு வார்த்தை மாத்துனா அதுல ஆயிரம் அர்த்தம் இருக்கும்." திடீரென்று அவர் முகம் கடமையில் இறுகியது. "ஆனா அம்மா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. இது சரியான வார்த்தைதானே? தப்பா இருந்தா நான் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியே ஆகணும். தப்புன்னு தெரிஞ்சும் வச்சுக்கிட்டா அது தர்மமில்ல."

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் கையில் மடித்தபடி என் புடவை ஒன்று இருந்தது.

"சரியான சொல்தான் சார்," என்றேன். கான்வென்ட்டை விட்டு வந்த பிறகு நான் சொன்ன முதல் பொய் அது.

அவர்கள் போனார்கள். இல்லாத ஆபீஸில் எந்த நாற்காலி யாருக்கு என்று தெருவிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் கணவர் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டார். பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

நான் அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தேன். 'ஆபீஸ் மூடப்படுவதால் தங்களை நிரந்தரமாக்குவதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' வருத்தத்துடனாம்! நிரந்தரமாக்குவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பாம்! என்னுடைய வாக்கியத்தின் நட்ட நடுவில் அந்தச் சொல், சோற்றில் கல்போல. நாளைக்கு இது ஜில்லா முழுவதும் போகும். எழுதியது யார் என்று விசாரிப்பார்கள். சித்தூரில் ஒரு குமாஸ்தா சம்சாரம், கான்வென்ட்டில் படித்தவளாம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஒரே ஒரு வரி, மிகவும் மரியாதையாக, பெயர்கூடப் போடாமல் பெரிய ஐயாவுக்கு எழுதிவிட்டால் என்ன? தாங்கள் தெரியாமல் செய்த சிறு பிழை என்று?

அப்போது வாசலில் நாகையாவின் தலை தெரிந்தது. அவர் போகவே இல்லை. "அம்மா," என்றார் கெஞ்சலாக, "திருப்பதிக்குக் குடுத்தனுப்ப ஏதாச்சும் காகிதம் இருக்கா? ஒரு வரி இருந்தாக்கூடப் போதும். காலைல வண்டிக்குக் கெளம்பிடுவேன். பாக்கி இருக்குற தரிசனம் ஒண்ணு."

நான் எழுந்துவிட்டேன். பேனா எப்படி என் கைக்கு வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"தபீ," என்றார் என் கணவர்.

"ஒரே ஒரு வரிங்க."

அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, மைக்கூட்டையும் சேர்த்து எனக்கு எட்டாத மேல் பலகையில் வைத்தார். நாகையாவிடம், "போய்த் தூங்கு நாகையா, நீ நிரந்தரம்," என்றார். கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டு, கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.